எந்த டிஸ்க்கிலும் இல்லாத சிரிப்பு

“உங்களுக்கு வேகம் வேணுமா, பத்திரம் வேணுமா அண்ணி? ஒண்ண சொல்லுங்க.”

“ரெண்டும் வேணும்.”

“ரெண்டும்னு ஒரு பட்டன் இருந்தா மொதல்ல நானே அமுக்கியிருப்பேன், எனக்குப் பொண்ணு பாக்க சொல்லோ.”

“ஏன், உன் பொண்டாட்டிக்கு வேகம் பத்தலையா?”

“வேகத்துக்கு இன்னா கொறச்சல்? எனக்குத்தான் பத்திரம் இல்ல.”

ஆடி மாதத்தில், கல்யாணமே இல்லாத ஓய்வான ஒரு பகலில், வாலாஜாபாத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் வசந்த்குமாரோடு இப்படிப் பேசிச் சிரித்தது சசிரேகாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவள் முன்னால் மேசைமேல் புதிதாக வந்த கறுப்புப் பெட்டி. நாலு அறை, அறைக்கு ஒரு ஹார்டு டிஸ்க், ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு குட்டிப் பச்சை விளக்கு. அந்த நாலையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்பதுதான் அன்றைய கேள்வி.

உத்திரமேரூர் கடைத்தெருவில் உர மருந்துக் கடைக்கு அடுத்த வீடு அவர்களுடையது. கீழே குடித்தனம், மாடியில் ஸ்டூடியோ. அவள் கணவன் செந்தமிழன் கல்யாணங்களுக்குப் போய் வீடியோ எடுத்து வருவான். சசிரேகா மாடியில் உட்கார்ந்து அதை வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு, படமாக்கித் தருவாள். காஞ்சிபுரத்தில் கணக்குப் பாடம் படித்தவள். கூரத்திலிருந்து மருமகளாக வந்த புதிதில் பொழுதுபோகாமல் எடிட்டிங் கற்றுக்கொண்டாள். இப்போது அவள் கை படாமல் அந்த ஸ்டூடியோவிலிருந்து ஒரு கல்யாணம்கூட வெளியே போவதில்லை.

அன்றைக்கு வசந்த்குமார் விரல் விட்டு விளக்கினான். ரெய்டு ஜீரோ என்று ஒரு முறை. ஒரே கல்யாணத்தை நாலு துண்டாக்கி நாலு டிஸ்க்கிலும் பிரித்து எழுதும். நாலு பேர் சேர்ந்து நாற்று நட்டால் வயல் எப்படிச் சட்டென்று முடியுமோ, அந்த வேகம். ஆனால் ஒரு டிஸ்க் மண்டையைப் போட்டால் மற்ற மூன்றிலும் இருப்பது வெறும் துண்டு துணுக்கு. ஒன்று போனால் நாலும் போச்சு. ரெய்டு ஒன் அதற்கு நேர் எதிர். எழுதுவதை அப்படியே இன்னொன்றிலும் எழுதும். பத்திரம்தான், பாதி இடம் பிரதிக்கே போய்விடும். இரண்டையும் கலந்தது ரெய்டு டென். வேகமும் உண்டு, பத்திரமும் உண்டு, அதிலும் பாதி இடம் பிரதிக்கே போகும். கடைசியில் ரெய்டு ஃபைவ். மூன்று டிஸ்க் அளவுக்குப் படம் வைக்கலாம். மீதி ஒரு டிஸ்க் அளவுக்கு இடத்தில் ஒரு கணக்கு எழுதி வைக்கும். எந்த டிஸ்க் போனாலும் மற்ற மூன்றையும் அந்தக் கணக்கையும் வைத்துப் போனதைக் கண்டுபிடித்துவிடும்.

“உங்க ஊரு கோயில் செவுத்துல கல்வெட்டு வெட்டி வெச்சானுங்களே, அது ஒரே காப்பிதான். ஆனா அது கல்லு. நம்மளுது கல்லு இல்ல அண்ணி. யோசிச்சு வெய்ங்க,” என்று சொல்லிவிட்டு வசந்த்குமார் பைக்கைக் கிளப்பினான்.

செந்தமிழன் யோசிக்கவே இல்லை. “ஜீரோல போடு ரேகா. காலீல தாலி கட்டினா சாய்ந்தரம் ரிசப்ஷன்ல பெரிய ஸ்க்ரீன்ல போடுன்றானுங்க. வேகம் இல்லன்னா பொழப்பு நாறிடும்.”

அவள் சரியென்று தலையாட்டினாள். ஆனால் அந்த வாரம் முழுக்க, பழைய கல்யாணம் ஒன்றை எடுத்து ஒவ்வொரு முறையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். ஜீரோ மடை திறந்த தண்ணீர் போல ஓடியது. டென் தாராளமாகவே ஓடியது, ஆனால் இரண்டு முகூர்த்த மாதம் தாண்டினால் இடம் போதாது. ஃபைவில் எழுதும்போது நன்றாகவே இழுத்தது, ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டு எழுத வேண்டுமல்லவா? ஆனால் வாசிக்கும்போது? ஜீரோவுக்கு ஒரு மூச்சு பின்னால், அவ்வளவுதான். எடிட்டிங்கில் எழுதுவது ஒரு தடவை, வாசிப்பது ஓராயிரம் தடவை. எழுதுகிற நேரத்தில் ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் போகிறது.

ஃபைவிலேயே வைத்தாள். செந்தமிழனிடம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. ஆவணி முழுக்க, “பாத்தியா, ஜீரோன்னா ஜீரோதான், இன்னா ஸ்பீடு!” என்று அவன் மெச்சியபோதெல்லாம் திரையைப் பார்த்தபடி உதட்டுக்குள் சிரித்துக்கொண்டாள். ஒரே ஒரு குறை. ஒரு டிஸ்க் போனால் மற்றவை அதைத் திருப்பித் தரும் என்பதை அவள் கண்ணால் பார்த்ததில்லை. நன்றாக ஓடுகிற பெட்டியிலிருந்து ஒன்றை உருவிப் பார்க்க யாருக்கு மனம் வரும்? வசந்த்குமார் சொன்னான், கணக்கும் சரியாக வந்தது, நம்பினாள்.

செந்தமிழனிடம் சொல்லாத இன்னொன்றும் அவளிடம் இருந்தது. அது பெட்டியைவிடப் பழையது.

அவளுக்கு அவனோடு ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். விருந்தாளியாக அல்ல, இரண்டாவது கேமராவோடு. அவன் மேடைக்கு முன்னால் நிற்கட்டும். அவள் மண்டபத்து வாசலில், பந்தியில், மணப்பெண் புடவை மாற்றுகிற அறையில் நிற்பாள். அந்த அறைக் கதவு அவனுக்கு எந்தக் காலத்திலும் திறக்காது. அலமாரியில் பழைய கேமரா ஒன்று சும்மாதான் கிடந்தது. அவன் ஊருக்குப் போகும் நாட்களில் அதை எடுத்து மாடி ஜன்னல் வழியே கடைத்தெருவைப் படம் பிடிப்பாள். பேருந்துக்காகக் காத்திருப்பவர்கள், பூக்கட்டும் கைகள். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள்.

கேட்டால் அவன் மறுப்பான் என்று அவள் பயப்படவில்லை. மறுத்தால் சண்டை போடலாம், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம், மறுபடி கேட்கலாம். அவன் மறுக்கிற ஆள் இல்லை. சிரிப்பான். “நீ எதுக்கும்மா வெயில்ல அலைஞ்சிக்கினு?” என்று ஆசையாகக் கன்னத்தைத் தட்டிச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முகூர்த்தமும் அந்தக் கேள்வியோடு வந்து, கேள்வியோடு போனது.

இப்படியிருக்கையில் ஆயுத பூஜை வந்தது.

செந்தமிழனுக்கு மற்ற பண்டிகைகளில் அரை மனசு என்றால், ஆயுத பூஜையில் ஒன்றரை மனசு. பைக், இன்வெர்ட்டர், கேமராக்கள், விளக்கு ஸ்டாண்டு, கத்தரிக்கோல் என்று எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தான். கறுப்புப் பெட்டியை அணைத்து, அதன் தலையிலும் ஒரு பொட்டு வைத்தான். அப்போது அவனுடைய அம்மா சிட்டம்மாள் பொரிகடலைத் தட்டோடு மாடியேறி வந்தாள். காடு கழனியில் உழைத்து மகனை ஆளாக்கியவள். எதையும் ஒரு கேள்வி கேட்காமல் விடமாட்டாள்.

“டேய், அந்தப் பொட்டிதானே உங்களுக்குச் சோறு போடுது?”

“ஆமாம்மா.”

“சோறு போடறது பொட்டியா, உள்ள கீறதா?”

“உள்ளதான் டிஸ்க்கு கீது.”

“அப்பறம் மேல பொட்டு வெச்சா? அருவாள எவனாச்சும் ஒறையோட வெச்சு பூச போடுவானா?”

நியாயம்தானே! செந்தமிழன் நாலு டிஸ்க்கையும் உருவினான். ஈரத் துணியால் துடைத்தான். குழைத்த சந்தனத்தை ஒவ்வொன்றின் மேலும் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன் வாழையிலையில் வரிசையாகப் படுக்க வைத்தான். கீழே சுண்டல் தாளித்துவிட்டு வந்த சசிரேகா பார்த்தபோது, ஆவணிக் கல்யாணங்கள் அத்தனையும் மாப்பிள்ளை அழைப்புக்குத் தயாரானதுபோலப் பொட்டும் பூவுமாகக் கிடந்தன.

“ஐயோ மாமா, இன்னா பண்ணி வெச்சிருக்க?”

“ஆஃப் பண்ணிட்டுத்தான் எடுத்தேன். பயப்படாத.”

அவள் குனிந்து எடுக்கப் போனாள். சிட்டம்மாள் கையைப் பிடித்தாள். “பூசையில வெச்சத நாளைக்குத்தான் எடுக்கணும். என்னமோ எம்புள்ள திருட வந்தாப்ல பாக்குறா.”

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது. கூரத்திலும் அதே வழக்கம்தான். அவளுடைய அப்பா கலப்பையைத் தொடவிடமாட்டார். சசிரேகா கையை இழுத்துக்கொண்டாள். சந்தனத்தின் ஈரம் டிஸ்க்கின் ஓரத்தில், பெட்டியோடு இணையும் தங்கநிறப் பற்களை நோக்கி மெல்ல வழிவது அவள் கண்ணில் படவில்லை.

விஜயதசமிக் காலையில் செந்தமிழன்தான் குளித்து முழுகி, பக்தியோடு நாலையும் அறைகளில் செருகினான். எது எந்த அறை என்று அவன் பார்க்கவில்லை. விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, பெட்டியை முடுக்கினான்.

பெட்டி அலறியது. கூண்டில் மாட்டிய எலி போல விடாமல் கீச்சிட்டது. மூன்று பச்சை விளக்குகள் எரிந்தன, நாலாவது சிவப்பு. கற்பூர வாசனைக்கு நடுவே கருகிய ஒரு வாசனையும் வந்தது.

சசிரேகா மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி வந்தபோது, திரையில் ஆங்கிலத்தில் ஏதோ எச்சரிக்கை. கீழே இரண்டு பொத்தான்கள். செந்தமிழனின் சுட்டி ஒன்றின்மேல் நின்றுகொண்டிருந்தது. அது பெட்டியைத் துடைத்துப் புதிதாகத் தொடங்குவதற்கான பொத்தான்.

“அமுக்காத!” பாய்ந்து அவன் கையை மௌஸோடு சேர்த்துப் பிடித்தாள்.

“புதுசா ஸ்டார்ட் பண்ணா சரியாயிடும்னு...”

“சரியாயிடும். உள்ள ஒண்ணும் இருக்காது.”

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். முதலில் அவன் வாயில் வந்தது ஜான்சனின் பெயர்.

புள்ளலூர்ப் பக்கம் கூலி வேலை செய்கிற ஜான்சன், போன வாரம்தான் மகள் ஜெனிஃபருக்குக் கல்யாணம் செய்தார். புரட்டாசியில் மற்றவர்களுக்கு முகூர்த்தம் இல்லை, சர்ச் கல்யாணத்துக்கு ஏது தடை? ஜெனிஃபரின் அண்ணனுக்குக் குவைத்திலிருந்து அன்று விடுப்புக் கிடைக்கவில்லை. இந்தச் சனிக்கிழமை வருகிறான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் திரை கட்டி, அவனுக்கும் ஊருக்கும் கல்யாணத்தைக் காட்டுவதாக ஏற்பாடு. படம் பெட்டிக்குள் இருந்தது. கேமராவின் மெமரி கார்டில் அதற்குப் பிறகு ஒரு பள்ளிக்கூட விழாவை எடுத்தாகிவிட்டது.

“அந்தப் புள்ள கப்பல்லயும் ஏரோப்ளேன்லயும் அடிச்சிப் புடிச்சி வருது. ஜான்சன் அண்ணன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? நாலுல ஒண்ணு போனா நாலும் போச்சுன்னு வசந்து அன்னிக்கே சொன்னான். ஜீரோ வேணும்னு நான்தான் ஒத்தக் கால்ல நின்னேன்.”

“மாமா. நான் ஜீரோல வெக்கல.”

நிமிர்ந்து பார்த்தான்.

“அஞ்சுல வெச்சிருக்கேன்.”

“எப்ப மாத்தின?”

“மாத்தல. ஆடிலேருந்தே அஞ்சுதான்.”

“எங்கிட்ட சொல்லவே இல்ல?”

“ஸ்பீடு கொறஞ்சிருந்தா நீயே கேட்டிருப்பியே. கேட்டியா?”

கோபப்படுவதா, கும்பிடுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் அந்த நேரம் வெற்றி கொண்டாட மனமில்லை. கணக்கு காகிதத்தில் சரியாக வரும். இந்தப் பெட்டிக்குள்ளும் வருமா?

வசந்த்குமாரைப் போனில் பிடித்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் ஒரு நிமிடம் சிரித்தே தீர்த்தான்.

“சந்தனமா? டிஸ்க்குக்கு நலங்கு வெச்சிட்டீங்களா? வளையல் அடுக்கலையா அண்ணி?”

“வசந்து, வயித்தெரிச்சல கெளப்பாத. மூணு பச்சை, ஒண்ணு செவப்பு. இடம் வேற மாத்தி சொருவிட்டாரு.”

அவன் குரல் மாறியது. “இடம் மாறினா பரவால்ல. இந்தப் பெட்டியில ஒவ்வொரு டிஸ்க்கும் தான் யாருன்னு தன்மேலயே எழுதி வெச்சிக்கினு இருக்கும். எந்த ரூம்ல போட்டாலும் பெட்டி கண்டுபுடிச்சிடும். செவப்பு எரியறத வெளிய எடுங்க. வேற எதையும் தொடாதீங்க. இப்ப ஜெனிஃபர் கல்யாணம் ஓபன் ஆவுதான்னு பாருங்க.”

சிவப்பு விளக்கு எரிந்த டிஸ்க்கை உருவி மேசையில் வைத்தாள். அதன் பற்களுக்கிடையே சந்தனம் காய்ந்து, ஓரத்தில் கறுத்திருந்தது. செத்துப்போன டிஸ்க். பெட்டியில் ஓர் அறை காலி.

கல்யாணக் கோப்பைத் திறந்தாள். சுட்டி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

பிறகு, சர்ச் கதவு திறந்தது. வெள்ளைப் புடவையும் தலையில் வலையுமாக ஜெனிஃபர் வெயிலிலிருந்து நிழலுக்குள் கால் வைத்தாள். யாரோ ஏதோ சொல்ல, தலையைக் குனிந்து சிரித்தாள்.

படம் கொஞ்சம் திக்கியது. ஆனால் முழுசாக ஓடியது. ஓர் இழை குறையவில்லை. கூந்தல் பூவில் ஒன்று குறையவில்லை.

சசிரேகா மேசையில் கிடந்த டிஸ்க்கைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி டிஸ்க்கைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பில் கால்வாசி இந்தப் பெட்டியில் இப்போது எங்குமே எழுதியிருக்கவில்லை. எந்த டிஸ்க்கிலும் அது இல்லை. மீதி மூன்றும் தங்களிடம் இருப்பதை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, ‘அப்படியானால் அவனிடம் இருந்தது இதுவாகத்தான் இருக்க முடியும்’ என்று இந்த நொடியில், இந்தத் திரையில், அவள் கண்ணெதிரே சொல்லிக்கொண்டிருந்தன. தோராயமாக அல்ல, அச்சாக. கல்லூரியில் எத்தனையோ தேற்றங்களை மனப்பாடம் செய்திருக்கிறாள். ஒரு தேற்றம் புடவை கட்டிக்கொண்டு சர்ச் வாசலில் நடந்து வந்து சிரிப்பதை இப்போதுதான் பார்க்கிறாள்.

“வசந்து,” என்றாள். “ஓடுது.”

“ஓடும். ஆனா இப்ப அது ஒத்தக் கால்ல நிக்குது அண்ணி. மொதல்ல ஜெனிஃபர் கல்யாணத்த வேற டிஸ்க்குல காப்பி எடுத்துடுங்க. நான் புதுசு ஒண்ணு எடுத்துக்கினு வரேன். அதுக்குள்ள இன்னொண்ணு போச்சுன்னா என்ன கேக்காதீங்க, அந்தச் சர்ச்சுலயே போய் முட்டி போடுங்க.”

காப்பி எடுக்க வைத்தாள். ஆமை வேகம். நியாயம்தான். ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பேரும் கூடிப் பேச வேண்டியிருக்கிறதே. செந்தமிழன் நாற்காலியை இழுத்துப்போட்டு, குழந்தை பிறப்பதற்குக் காத்திருப்பவன் போல உட்கார்ந்துகொண்டான். அலறல் கேட்டுப் பயந்து கீழேயே நின்றிருந்த சிட்டம்மாளும் மெல்ல மேலே வந்தாள்.

“இன்னாடா ஆச்சு? நான் சொன்னதாலயா?”

“ஒண்ணு போச்சும்மா. ஆனா அதுல இருந்ததும் வருது. எப்படின்னு எனக்கே புரியல.”

“போனது எப்படிடா வரும்?” சிட்டம்மாள் மருமகளைப் பார்த்தாள். “இன்னாடி சொல்றான் இவன்?”

சசிரேகா யோசித்தாள். “அத்தை, நேத்து நாஷ்டாவுக்கு எத்தினி இட்லி சுட்டேன்?”

“பதினஞ்சு.”

“நான் நாலு துன்னேன். இவரு ஆறு. பாத்திரம் காலி. நீங்க எத்தினி துன்னீங்கன்னு நீங்க சொல்லணுமா?”

சிட்டம்மாள் விரலை மடக்கினாள். முகம் மாறியது. “அடிப்பாவி! நான் எத்தினி துன்றேன்னு கணக்கு பாத்துக்கினா கீற?”

செந்தமிழன் காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தான்.

“அதேதான் அத்தை. மூணு பேரு துன்னதையும் மொத்தத்தையும் எழுதி வெச்சிட்டா, யாரு காணாமப் போனாலும் அவங்க துன்னது தெரிஞ்சிடும். இந்தப் பெட்டி ஒவ்வொரு துளிக்கும் அப்படி ஒரு மொத்தம் எழுதி வெச்சிருக்குது.”

“அந்த மொத்தம் எழுதின டிஸ்க்கே செத்துட்டா?” என்று செந்தமிழன் கேட்டான். நல்ல கேள்வி. அவளுக்கு அவனை அப்போது மிகவும் பிடித்திருந்தது.

“மொத்தத்த ஒரே ஆளு வெச்சிருக்காது மாமா. ஒரு துண்டுக்கு இது, அடுத்த துண்டுக்கு அது, மாறி மாறி வெச்சிக்கும்.”

“பதினஞ்சு இட்லிக்கு சரி,” என்று சிட்டம்மாள் திரையை நெருங்கி ஜெனிஃபரை உற்றுப் பார்த்தாள். “இந்தப் பொண்ணு கண்ணு மையி, மூக்குத்தி, இதுக்கெல்லாமா கணக்கு கீது?” கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு கீழே போய்விட்டாள்.

காப்பி முடிந்த பிறகுதான் வசந்த்குமார் வந்து சேர்ந்தான். செத்த டிஸ்க்கை மூக்கருகே வைத்து மோந்து, “மைசூர் சந்தனமாண்ணா?” என்று கேட்டு செந்தமிழனிடம் ஓர் அடி வாங்கினான். மற்ற மூன்றின் பற்களையும் பஞ்சால் துடைத்தான். ஒன்றின் ஓரத்தில் குங்குமம் இருந்ததைக் காட்டி, “இதுவும் போயிருந்தா அவ்ளோதான்,” என்றான். பிறகு புதிய டிஸ்க்கைக் காலி அறையில் செருகினான். விளக்கு மஞ்சளாக மினுக்கத் தொடங்கியது.

“இனிமே அதுவே பாத்துக்கும். பழசு மூணும் சேந்து புதுசுக்குச் சொல்லிக் குடுக்கும். எல்லாம் எழுதி முடிக்க நாளைக்கு ஆயிடும். யாரும் சூடம் காட்டாதீங்க.”

அவன் போன பிறகும் சசிரேகா விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பச்சையும் ஓயாமல் துடித்தன. அவற்றுக்கு ஏற்ப மஞ்சள் துடித்தது. ஒன்றுமே தெரியாமல் வந்து உட்கார்ந்திருக்கிற ஒன்றிடம், நீ இதுவாக இருந்தாய், பிறகு இதுவாக இருந்தாய் என்று மூன்று பேர் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆவணி முகூர்த்தங்கள் ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல், அந்த அறைக்குள் திரும்பி வந்துகொண்டிருந்தன. தெருவில் பேருந்து ஹாரன் அடித்தது. உரக்கடையில் யாரோ யூரியா விலைக்குச் சண்டை போட்டார்கள். உலகத்துக்கு ஒன்றும் தெரியவில்லை.

பெட்டியைத் தொந்தரவு செய்யாமல், காப்பி எடுத்ததிலிருந்தே ஜெனிஃபர் கல்யாணத்தை எடிட் செய்யத் தொடங்கினாள். செந்தமிழன் வழக்கமாகக் கீழே போய்ப் படுத்துவிடுவான். இன்று போகவில்லை. நாற்காலியை அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டான். அவள் வெட்டுவதையும் ஒட்டுவதையும் இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேரம் அவன் உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

மோதிரம் மாற்றும் இடம் வந்தது. பாதிரியார் கேட்கிறார். ஜெனிஃபர் “சம்மதம்” என்கிறாள். அந்தச் சொல் முடிந்த உடனே, பின்னாலிருந்து ஒரு விசும்பல். யாரோ வாயைத் துணியால் பொத்தியும் அடங்காமல் வந்த விசும்பல். படத்தில் ஜெனிஃபர் மட்டும் சட்டென்று அந்தப் பக்கம் திரும்புகிறாள். அவள் கண் நிறைகிறது.

சசிரேகா நிறுத்தினாள். பின்னால் ஓட்டி மறுபடி போட்டாள். “யாரு மாமா அழுவுறது?”

“தெரியலயே. ஜான்சன் அண்ணனா இருக்கும். இல்ல, பொண்ணோட அம்மாவா?” அவன் நெற்றியைத் தேய்த்தான். “நான் பொண்ணு மேலதானே ஃபோகஸ் வெச்சிருந்தேன்.”

மறுபடி ஓட்டினாள். விசும்பல். ஜெனிஃபர் திரும்புகிறாள். கண் நிறைகிறது. அவள் யாரைப் பார்த்தாள்?

செந்தமிழன் கறுப்புப் பெட்டியைக் காட்டினான். விளையாட்டாகக் கேட்கவில்லை, காலையிலிருந்து பார்த்ததில் நிஜமாகவே நம்பிக் கேட்டான். “போனதெல்லாம் கணக்கு போட்டு எடுக்குதே ரேகா, இதையும் எடுக்காதா?”

“எடுக்காது மாமா.”

“ஏன்?”

“மத்த மூணு பேருகிட்ட ஏதாச்சும் இருந்தாத்தான் எடுக்கும். இத யாருமே எழுதல. அந்தச் சர்ச்சுல நீ ஒருத்தன்தான் நின்ன. ஒரு கேமரா. நீ திரும்பாத பக்கம் இருந்ததுக்கு எங்கயும் கணக்கு இல்ல.”

அவன் திரையைப் பார்த்தான். கண் நிறைந்து நிற்கிற ஜெனிஃபர். அவள் பார்க்கிற திசையில் சட்டகம் முடிந்துவிட்டது.

“ஆமா,” என்றான் மெல்ல. “இது போனது போனதுதான்.”

அவன் குரலில் சிரிப்பே இல்லை. இத்தனை முகூர்த்தங்களாகச் சசிரேகாவின் தொண்டையில் நின்றது இப்போது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மௌஸை விட்டுவிட்டு நாற்காலியோடு அவன் பக்கம் திரும்பினாள்.

“மாமா, ஒண்ணு கேக்குறேன். சிரிக்கக் கூடாது.”

“இன்னாடி?”

“ஐப்பசில வர்ற மொத கல்யாணத்துக்கு என்னையும் கூட்டிக்கினு போ. ரெண்டாவது கேமராவ நான் புடிக்கிறேன்.”